ஒழுகும் என்று சொல்லித்தான் விற்றேன்

என் பழைய மரப் பாய்மரப் படகை விற்க விளம்பரம் எழுதி முடித்து மனைவியிடம் காட்டினேன். ஒரே ஒரு வரியை மட்டும் எடுத்துவிடச் சொன்னாள்: "தண்ணீரில் இறக்கிய முதல் இரண்டு நாள் ஒழுகும்." இதைப் படித்த பிறகு யார் வாங்குவார்கள் என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனாலும் வரியை எடுக்கவில்லை.

படகு ஸ்டார் வகை. பாய்மரப் பந்தயம் பார்க்கிறவர்களுக்குப் பெரிய பாயில் இருக்கும் சிவப்பு நட்சத்திரம் நினைவிருக்கும். உலக சாம்பியன் ஆனவர்கள் தங்க நட்சத்திரம் வைத்துக்கொள்ளலாம். இந்த வகையின் முதல் படகுகள் 1911-இல் வந்தன. ஏழு மீட்டருக்குக் கொஞ்சம் குறைந்த நீளம், இரண்டே பேர், அளவுக்கு மீறிய பாய். 1932 முதல் 2012 வரை, நடுவில் 1976 ஒன்றைத் தவிர, எல்லா ஒலிம்பிக்கிலும் இருந்தது. என்னுடையது 1930களில் கட்டியது. செடார் பலகை, ஓக் வங்குகள் (பலகைகளை உள்ளிருந்து தாங்கும் விலா எலும்பு மாதிரியான சட்டங்கள்), ஸ்புரூஸ் பாய்மரம். அது ஒலிம்பிக் பக்கமே போனதில்லை. ஃபோனில் கேட்ட எல்லோருக்கும் அதையும் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நான் வாங்கும்போது ஒரு கொட்டகையில் பல வருடமாகக் காய்ந்து கிடந்தது. பலகைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தது. பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் அது பெரிய விஷயமில்லை. காய்ந்த மரம் குறுக்குவாட்டில் சுருங்கும், தண்ணீர் பட்டால் திரும்ப உப்பி இடுக்கை மூடிக்கொள்ளும். நிஜமான சேதம் மேல்தளத்துக்கு அடியில், பின்பக்க மூலையில் இருந்தது. மழைத் தண்ணீர் தேங்கும் இடம். உப்புத் தண்ணீரில் மரம் சுலபத்தில் உளுத்துப்போகாது, மழைத் தண்ணீர்தான் வில்லன். குத்தூசியை வைத்து லேசாக அழுத்தினேன், பிடி வரை போய்விட்டது.

ஏழு பலகைகளை மாற்றினேன். நான்கு வங்குகளில் உளுத்த பாகத்தை மட்டும் வெட்டிவிட்டு, ஒரு பங்கு தடிமனுக்கு எட்டுப் பங்கு நீளம் என்று சாய்வாகச் சீவிப் புது ஓக்கை ஒட்டினேன். படகு கவிழாமல் அடியில் எடையாகத் தொங்கும் வார்ப்பிரும்புக் கீல் (keel) சுமார் 400 கிலோ. அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றாமல் விடலாமா என்று ஒரு மாதம் யோசித்தேன். தலையும் மரையும் புதுசு மாதிரி பளபளத்தன. கடைசியில் மனசு கேட்காமல் கழற்றினால், ஒன்று நடுவில் பென்சில் அளவுக்கு மெலிந்திருந்தது. பழைய கீல் படகு வாங்குகிற யாராக இருந்தாலும் இதை மட்டும் கேளுங்கள்: போல்ட்டை வெளியே எடுத்துப் பார்த்தீர்களா? "வெளியிலிருந்து பார்த்தோம், நன்றாக இருக்கிறது" என்ற பதிலுக்கு அர்த்தமே இல்லை.

இடுக்குகளில் பருத்தி நூல் திணித்து அடைத்து (இதற்குத்தான் கலப்பற்று என்று பெயர்), மேலே மென்மையான பூச்சு வைத்தேன். நிறையப் பேர் இங்கே எபாக்ஸியை, அதாவது கல்லாக இறுகிவிடும் பசையை, ஊற்றிவிடுவார்கள். அன்றைக்கு ஒழுகாது. ஆனால் பலகை உப்பும்போது இடமில்லாமல் போனால் அந்த விசை வேறெங்கோ போகும்: திருகு பிடுங்கும், வங்கு உடையும். பந்தயக்காரர்களுக்கு இன்னொரு இக்கட்டு. படகை எப்போதும் தண்ணீரிலேயே விட்டால் இடுக்கு மூடியிருக்கும், ஆனால் ஊறிய மரம் கனக்கும். அதனால் கரையில் ஏற்றி வைப்பார்கள், காயும், அடுத்த முறை இறக்கினால் திரும்ப ஒழுகும். 1960களில் கண்ணாடியிழை ஸ்டார்கள் வந்த பிறகு இந்தத் தொல்லையே இல்லை. (வார்னிஷ் பத்துப் பூச்சு அடித்த கதையைச் சொல்லப் போவதில்லை. தேய், பூசு, தேய், பூசு. அவ்வளவுதான்.)

ஏன் விற்கிறேன் என்றால், முட்டி. ஸ்டாரில் துணை ஆள் காலை உள்ளே மாட்டிக்கொண்டு உடம்பு முழுவதையும் வெளியே தண்ணீருக்குப் பக்கத்தில் தொங்கவிட வேண்டும். என் முட்டி இரண்டு பருவங்களுக்கு முன்பே ராஜினாமா கொடுத்துவிட்டது.

முதலில் கூப்பிட்டவர் ஒழுகும் வரியைப் படித்துவிட்டு, வெளிப்புறம் முழுக்கக் கண்ணாடியிழை ஒட்டிவிட்டால் சரியாகிவிடுமே என்றார். ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு மரம் மொத்தமும் உளுத்துவிடும் என்றேன். "பார்க்கலாம்" என்று வைத்துவிட்டார். அடுத்தவருக்கு ஒழுகுவது பிரச்சினையே இல்லை. உணவகத்தின் கூரையில் தொங்கவிடப் போகிறாராம். நல்ல விலை சொன்னார். ஒரு ராத்திரி தூக்கம் வரவில்லை, பொய் சொல்ல மாட்டேன். காலையில் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மனைவி அன்று என்னோடு பேசவில்லை.

மூன்றாவது ஆள் ஃபோனில் கேட்ட முதல் கேள்வியே போல்ட் பற்றித்தான். நேரில் வந்தவர் வார்னிஷைப் பார்க்கவே இல்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு முன்தளத்துக்கு அடியில் ஊர்ந்துபோய் மோந்து பார்த்தார். அப்புறம் திருப்புளியின் பிடியால் பலகை பலகையாகத் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல மரம் கணீரென்று பேசும், உளுத்தது பொத்தென்று முனகும். நான் ஒட்டுப்போட்ட இடத்தில் நின்று, "இது நீங்க போட்டதா?" என்றார். ஆமாம் என்று புகைப்படங்களைக் காட்டினேன். மெலிந்த போல்ட்டையும் பழைய பலகைத் துண்டையும் பத்திரமாக வைத்திருந்தேன், அதையும் கொடுத்தேன்.

விலை பேசும்போது என் செலவுக் கணக்கு நோட்டை எடுத்தேன். "அதை மூடிடுங்க. நீங்களும் பார்க்காதீங்க" என்றார். முடிந்த விலை, மரத்துக்கும் இரும்புக்கும் ஆன செலவில் பாதிக்குக் கொஞ்சம் மேல். என் ஐந்து வருட உழைப்புக்குச் சைபர். எனக்கு அதில் வருத்தமில்லை என்று மூன்று பேரிடம் சொல்லிவிட்டேன், அதிலிருந்தே தெரிந்திருக்கும்.

போன சனிக்கிழமை அவர் படகை இறக்கினார். இரவு பதினொன்றரைக்கு ஃபோன்.

"ஒழுகுதுங்க."

"எவ்வளவு நேரமாச்சு இறக்கி?"

"நாலு மணி நேரம்."

"நாளைக்கும் ஒழுகும். போய்த் தூங்குங்க. பம்ப்பை மட்டும் அணைச்சிடாதீங்க."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "நான் படகுக்குள்ளேயேதான் உட்கார்ந்திருக்கேன்" என்றார்.