பூச்சியமா, ஒன்றா

தமிழுக்கு உரிமை கேட்டு இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் நடந்த 1961ஆம் ஆண்டுச் சத்தியாக்கிரகம் வெற்றியா, தோல்வியா? சமாதான ஆய்வு மாநாடு ஒன்றில் அதைப் பற்றி நான் கட்டுரை வாசித்து முடித்ததும் ஓர் இளம் ஆய்வாளரிடமிருந்து வந்த முதல் கேள்வி இது. தன் அட்டவணையில் வெற்றி என்று ஒன்று போடுவதா, தோல்வி என்று பூச்சியம் போடுவதா என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. அமர்வின் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் "தோல்வி" என்றேன்.

கேட்டதில் பிழையில்லை. சமாதான ஆய்வு மாநாடுகளில் இப்போது இப்படித்தான் கேட்கிறார்கள். 1900 முதல் 2006 வரையான 323 போராட்டங்களை அமெரிக்க ஆய்வாளர்கள் எரிக்கா செனோவெத்தும் மரியா ஸ்டீபனும் தொகுத்தார்கள். வன்முறையற்றவற்றில் 53 வீதம் வென்றன, ஆயுதம் ஏந்தியவற்றில் 26 வீதம்தான் வென்றன என்று 2011இல் எழுதினார்கள். அகிம்சையைப் பற்றிப் பேச எங்களுக்கு ஒரு தெம்பைத் தந்த ஆய்வு அது. போராட்டம் உச்சத்தைத் தொட்டு ஓராண்டுக்குள் இலக்கு கைகூடியிருக்க வேண்டும் என்பது அவர்களுடைய அளவுகோல்.

அந்த அளவுகோலை எங்கள் கதைக்கு வைத்தால் வேறென்ன சொல்ல முடியும்? பெப்ரவரி 20 அன்று தமிழரசுக் கட்சியினர் யாழ்ப்பாணக் கச்சேரி என்ற மாவட்ட அரச அலுவலகத்தின் வாசலில் உட்கார்ந்தார்கள். மட்டக்களப்பு, திருகோணமலை, மன்னார், வவுனியா என்று பரவியது. கிழக்கில் முஸ்லிம்களும் சேர்ந்தார்கள். ஏப்ரல் 14 அன்று கட்சித் தலைவர் செல்வநாயகம் அரசை மீறித் தமிழரசு அஞ்சல் சேவையைத் தொடங்கினார். சில நாட்களிலேயே அவசரகாலச் சட்டம் வந்தது, இராணுவம் வந்தது, தலைவர்கள் பனாகொடை இராணுவ முகாமில் அடைக்கப்பட்டார்கள். சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம் அசையவில்லை. தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் ஏறியது 1987இல், பதின்மூன்றாவது திருத்தத்தில். அதற்குள் எத்தனை உயிர்கள் போயிருந்தன. அந்த "ஒன்றை" எந்த வரிசையில் போடுவது?

தேநீர் வேளையில் எங்கள் ஊர்ப்பக்கத்து மாணவன் ஒருவன் வந்தான்.

"சேர், அகிம்சையாலை ஒண்டும் நடக்காது எண்டுதானே சொல்லுறீங்கள்?"

"அப்பிடி நான் சொல்லேல்லை."

"தோல்வி எண்டு சொன்னனீங்கள்தானே."

குரலில் சண்டையில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வந்திருந்தான். அடுத்த அமர்வுக்கு அழைத்துவிட்டார்கள், போய்விட்டான்.

சாத்வீகம் தோற்றதால்தான் ஆயுதம் எடுத்தோம் என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தப் பேச்சின் முதற்பாதியை நான் மேடையில் நின்று உறுதிப்படுத்திக் கொடுத்தேனா? கேட்ட கேள்விக்கு நேர்மையான பதில் அது, ஆய்வாளன் வேறு பதில் சொல்லக்கூடாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதே அட்டவணையில் 2009இல் முடிந்த ஆயுதப் போராட்டத்துக்கும் பூச்சியம்தான் என்று அவனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் மட்டும்? இரண்டு பூச்சியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க என் கை கூசுகிறது. முதலாவதில் உட்கார்ந்தவர்கள் அடிபட்டார்கள், சிறைப்பட்டார்கள், பெரும்பாலும் வீடு திரும்பினார்கள். மற்றதில் காணாமல் ஆக்கப்பட்டுத் திரும்பாதவர்களைக் கேட்டுத் தாய்மார் 2017இல் கிளிநொச்சியில் உட்கார்ந்தார்கள். அதுவும் பெப்ரவரி 20. அவர்களில் பலர் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று அறியாமலே இறந்துபோனார்கள்.

தோற்றுப்போன வழி என்றால் அந்தத் தாய்மார் ஏன் அதையே எடுத்தார்கள்? வேறு வழி விடப்படவில்லை என்பது ஒரு பதில். அது எனக்குப் போதவில்லை. அவர்களிடம் போய் இதைக் கேட்கும் துணிவும் எனக்கில்லை.

மாநாட்டுத் தொகுப்புக்குக் கட்டுரையைத் திருத்தி அனுப்பிவிட்டேன். பூச்சியத்தை மாற்றவில்லை. அந்த ஆய்வாளர் திரும்பக் கேட்டாலும் தோல்வி என்றுதான் சொல்வேன். அந்தப் பெடியனுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். அந்தச் சொல்லோடு தொடங்க மனம் வருகுதில்லை, அதை விட்டுவிட்டு எழுதினால் பொய்யாகப்படுகிறது.