சாம்பலுக்கும் அஞ்சிய அரசு: பிராக் குறிப்புகள்

ஜனவரி 16, வியாழன்

வேலை முடிந்து நேராக வென்செஸ்லாஸ் சதுக்கத்தின் மேல்முனைக்குப் போனேன். தேசிய அருங்காட்சியகத்துக்கு முன்னால், நடைபாதைக் கற்களைப் புடைத்துக்கொண்டு ஒரு வெண்கலச் சிலுவை கிடக்கிறது. மற்ற நாள்களில் அதைத் தாண்டிப் போகிறவர்கள் குனிந்துகூடப் பார்ப்பதில்லை. இன்று சுற்றிலும் மெழுகு விளக்குகள், பூக்கள்.

1969இல் இதே தேதியில் யான் பலாக் என்ற 20 வயது மாணவர் இங்கே தீக்குளித்தார். 19ஆம் தேதி இறந்தார். முந்தைய ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் அன்றைய செக்கோஸ்லோவாகியாவுக்குள் வந்திருந்தன. டாங்கிகள் வந்ததைவிட, மக்கள் அதற்குப் பழகிப்போனதுதான் அவரை அதிகம் வதைத்தது. விட்டுச்சென்ற கடிதத்தில் இரண்டு கோரிக்கைகள்: தணிக்கையை நீக்க வேண்டும், ஆக்கிரமிப்பாளர்களின் செய்தித்தாளை விநியோகிப்பதை நிறுத்த வேண்டும். கீழே ‘தீப்பந்தம் எண் 1’ என்று கையெழுத்து.

இந்தக் கதை பலருக்கும் தெரியும். இறந்த பிறகு நடந்தது அவ்வளவாகத் தெரியாது. அதைத்தான் எழுத நினைக்கிறேன்.

ஜனவரி 18, சனி

ஓல்ஷனி கல்லறைத் தோட்டம். நல்ல குளிர். பலாக்கின் கல்லறை வாசலிலிருந்து தூரமில்லை.

ஓல்ப்ராம் ஸோபெக் என்ற சிற்பி இறந்த பலாக்கின் முகத்தை அச்சு எடுத்தார். கல்லறைக்கு ஒரு வெண்கலப் பலகையும் செய்தார். 1970இல் இரகசியப் போலீஸ் அதை எடுத்துப்போய் உருக்கிவிட்டது. அதன் பிறகும் ஆட்கள் பூவோடு வந்துகொண்டே இருந்தார்கள். சரி, பலகை போதாது என்று 1973இல் உடலையே தோண்டி எடுத்தார்கள். எரித்து, சாம்பலை ஊரில் இருந்த தாயாரிடம் ஒப்படைத்தார்கள். காலியான குழியில் சம்பந்தமே இல்லாத ஒரு மூதாட்டியைப் புதைத்தார்கள். ஆனாலும் பூ நிற்கவில்லை. முன்பின் தெரியாத அந்தப் பாட்டியின் பெயருக்கு முன்னால் விளக்கு ஏற்றிவிட்டுப் போனார்கள்.

சாம்பல் இங்கே திரும்பி வந்தது 1990இல்.

அதே ஸோபெக்தான் 2002இல், பெட்ரின் குன்றின் அடியில், கம்யூனிச ஆட்சியில் பாதிக்கப்பட்டவர்களுக்கான நினைவுச்சின்னத்தையும் செய்தார். படிக்கட்டில் நிற்கும் ஆண் உருவங்கள், மேலே போகப் போகக் கையும் உடம்பும் சிதைந்துகொண்டே போகும். படிகளின் நடுவில் ஓடும் பட்டையில் எண்கள்: மரண தண்டனை 248, எல்லை தாண்டும்போது சுடப்பட்டவர்கள் 327, சிறையில் இறந்தவர்கள் 4,500. பயணிகள் அங்கே படம் எடுத்துக்கொள்வார்கள். எனக்கு என்னவோ அந்தச் சின்னத்தைவிட உருக்கப்பட்ட பலகைதான் மனதில் நிற்கிறது.

ஜனவரி 19, ஞாயிறு

விட்கோவ் குன்று. கம்யூனிஸ்ட் அதிபர் கிளெமென்ட் கோட்வால்ட் 1953 மார்ச்சில், ஸ்டாலினின் இறுதிச் சடங்குக்குப் போய் வந்த சில நாள்களில் இறந்தார். லெனினைப் போல இவரையும் பதப்படுத்தி இங்கே பார்வைக்கு வைத்தார்கள். பார்வை நேரம் முடிந்ததும் உடல் லிஃப்டில் கீழே இறங்கும். அடித்தளத்தில் மருத்துவர்களும் இயந்திரங்களும் காத்திருப்பார்கள். இப்போது அந்த ஆய்வகமே கண்காட்சி. அத்தனை பாடுபட்டும் 1962இல் உடலை எரித்துவிட்டார்கள்.

நகைப்புக்கிடமான கதைதான். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. பதப்படுத்துவதற்கு மூன்று மாதம் முன்புதான், 1952 டிசம்பரில், கட்சியின் முன்னாள் பொதுச் செயலாளர் ருடால்ஃப் ஸ்லான்ஸ்கியையும் இன்னும் 10 பேரையும் தூக்கிலிட்டு, சாம்பலை பிராகுக்கு வெளியே ஒரு சாலையில் கொட்டியிருந்தார்கள். ஒரே கட்சி, ஒரே குளிர்காலம்.

ஜனவரி 21, செவ்வாய்

மதியச் சாப்பாட்டில் தோழியிடம் இதைச் சொன்னேன். “அப்படியென்றால் ஹொராகோவா?” என்றாள். மிலாதா ஹொராகோவா வழக்கறிஞர், நாடாளுமன்ற உறுப்பினர். நாஜிகளின் சிறையையும் பார்த்தவர். 1950இல் ஜோடிக்கப்பட்ட வழக்கில் மரண தண்டனை. ஐன்ஸ்டீனும் சர்ச்சிலும் வேண்டியும் கோட்வால்ட் இரங்கவில்லை. ஜூன் 27 அன்று பன்க்ராட்ஸ் சிறையில் தூக்கு. அந்தத் தேதிதான் இப்போது கம்யூனிச ஆட்சியில் பாதிக்கப்பட்டவர்களுக்கான நாட்டின் நினைவு நாள். சாம்பல் குடும்பத்துக்குக் கிடைக்கவே இல்லை. விஷெஹ்ராடில் இருப்பது வெறும் அடையாளக் கல்லறை. கடைசி இரவுகளில் 16 வயது மகளுக்கும் மற்றவர்களுக்கும் எழுதிய கடிதங்களை அரசு கோப்பில் வைத்துக்கொண்டது. 1990இல்தான் அவை போய்ச் சேர்ந்தன.

கடிதத்தைக் கிழித்துப் போடாமல் ஏன் பத்திரமாக வைத்தார்கள் என்று கேட்டேன். “அலுவலகம்தானே, கோப்பை எப்படிக் கிழிப்பார்கள்?” என்றாள் தோழி. சிரித்துவிட்டேன். சிரிக்கிற விஷயமா என்று தெரியவில்லை.

ஜனவரி 25, சனி

வடபகுதியில் ஜாப்லிட்சே கல்லறைத் தோட்டம். தோழியும் வந்தாள். ஒரு ஓரத்தில் புல்லின் மேல் அடையாளக் கல்லறைகள். அடியில் பொதுக்குழிகள்: அரசியல் கைதிகள், தூக்கிலிடப்பட்டவர்கள், சிறையில் இருந்த தாய்மார்களின் கைக்குழந்தைகள்.

யோசெஃப் தோவுஃபர் என்ற பாதிரியாரும் இங்கேதான் கிடந்தார். 1949 டிசம்பரில் சிஹோஷ்ட் கிராமத்து தேவாலயத்தில் அவர் பிரசங்கம் செய்யும்போது பீடத்துச் சிலுவை தானாக அசைந்தது என்று வந்தவர்கள் சொன்னார்கள். ‘நான்தான் அதை ஆட்டினேன்’ என்று ஒப்புக்கொள்ளச் சொல்லி இரகசியப் போலீஸ் அடித்தது. 1950 பிப்ரவரியில் இறந்தார். வேறு பெயரில் குழிக்குள் போனார். 2014இல் தோண்டி, மரபணுச் சோதனை செய்து அடையாளம் கண்டு, அடுத்த கோடையில் அதே தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

அப்புறம் மற்றவர்களை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. எல்லோரையும் தோண்ட வேண்டும் என்கிறவர்களும் உண்டு, விட்டுவிடுங்கள் என்கிறவர்களும் உண்டு. நான் தோண்டச் சொல்கிற கட்சி: பெயரைப் பறித்தது அரசு, அதைத் திருப்பித் தரும் கடன் அரசுக்கு உண்டு. தோழி ஒப்பவில்லை. ஒருவரை எடுக்கும்போது பக்கத்தில் கிடக்கும் பத்துப் பேரின் எலும்பு கலைகிறது, அவர்களுக்காகப் பேச உறவினர் யாரும் இல்லை என்றால் அதற்கு யார் அனுமதி தருவது என்றாள். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை, ஆனாலும் என் கருத்து மாறவில்லை. டிராமில் ஏறியும் வாதம் ஓயவில்லை. கோடையில் சிஹோஷ்டுக்குப் போவோம் என்பதில் மட்டும் ஒத்துப்போனோம்.