சேவல் பூட்டு ஸ்திரிக்கைப் பெட்டி

கொழும்பு வீடுகளில் இப்போது ஷோகேஸுக்குள் மினுங்கிக்கொண்டிருக்கும், தணல் போட்டுத் தேய்க்கும் பித்தளை ஸ்திரிக்கைப் பெட்டியைக் கண்டால் மனது கேட்பதில்லை. அது இன்றைக்கும் வேலை செய்யும். 2022 மார்ச் கடைசியில் கரண்ட் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை நின்றதே, அப்படியான நாளுக்கு இதைவிட நல்ல துணை இல்லை.

எடுத்ததும் பார்க்க வேண்டியது மூடியின் முன்னாலுள்ள சேவல். அழகுக்கு வைத்த பொம்மை என்று நினைப்பார்கள்; அதுதான் பூட்டு. அது தேய்ந்து ஆடினால், பெட்டியை வீசும்போது மூடி திறந்து தணல் காலில் விழும். பின்பக்கப் பிணைச்சல் ஆணியையும் ஆட்டிப் பாருங்கள். உள்ளே கம்பித் தட்டு இருந்தால் தொலைத்துவிடாதீர்கள். தணலுக்குக் கீழே காற்றுப் போக வழிவிடுவது அதுதான்.

கரிக்குச் சிரட்டைதான் சரி. தும்பைச் சுரண்டி, நன்றாகக் காய்ந்த சிரட்டைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, வெளியில் வைத்துக் கொளுத்துங்கள். புகை அடங்கி, சிவந்த தணலின்மேல் மெல்லிய வெள்ளைச் சாம்பல் படரும்வரை பொறுக்க வேண்டும். அவசரப்பட்டு அள்ளிப் போட்டால் புகை துணியில் ஏறும், பொறியும் வெடிக்கும். தணலை ஒரு அங்குலத் துண்டுகளாக உடைத்து முக்கால் பெட்டி மட்டும் நிரப்புங்கள். முழுக்க நிரப்பினால் காற்று ஓடாது, பக்கத்துத் துளைகளால் சாம்பல் வெள்ளைச் சேர்ட்டில் கொட்டும். துணிக்குக் கொண்டுபோகுமுன் முற்றத்தில் நாலைந்து தரம் முன்னும் பின்னும் வீசினால் தளர்ந்த சாம்பல் பறந்துவிடும், தணலும் பிடித்துக்கொள்ளும்.

மின் பெட்டியில் பழகியவர்கள் சறுக்குவது அடுத்த இடத்தில். அங்கே சூட்டைக் குறைத்து மெல்லிய துணியில் தொடங்கிக் கூட்டிக்கொண்டு போகலாம். இதில் சூட்டைத் திருப்பக் குமிழ் இல்லை. தணல் பிடித்த கையோடு சூடு உச்சத்தில் நிற்கும், பிறகு இறங்கும். அதனால் கஞ்சி போட்ட பருத்திச் சேர்ட், வேட்டி முதலில், சாரம் அடுத்து, டெரிலின் போன்ற செயற்கை இழைத் துணி கடைசி. ஒவ்வொரு துணிக்கும் முன் பழைய பத்திரிகைத் தாளில் ஒரு இழுப்பு இழுங்கள். தாள் மஞ்சளாகினால் ஈரத் துணியில் அடியைத் தட்டி ஆற்ற வேண்டும். அடி வழுக்காமல் பிடித்தால் வாழையிலையில் இரண்டு தரம் தேய்த்தால் போதும்.

கஞ்சி தடித்தால் அடியில் ஒட்டிக் கருகி, அடுத்த துணியில் தவிட்டுக் கறையாக இறங்கும். ஒரு மேசைக்கரண்டி மரவள்ளி மாவைக் குளிர்ந்த நீரில் கரைத்து, ஒரு லீற்றர் கொதிநீரில் ஊற்றிக் காய்ச்சி வடித்தால் அளவாக இருக்கும். கஞ்சி போட்டதை நாள்கணக்காக அலுமாரியில் பூட்டி வைக்காதீர்கள். கொழும்பு ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடிக்கும்.

கதவு யன்னலைச் சாத்திக்கொண்டு மட்டும் தேய்க்கவே கூடாது. தணலிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமில்லை. தலையிடிதான் முதலில் தெரியும், உயிரையும் எடுக்கும்.

வேலை முடிந்ததும் சூட்டோடு தண்ணீர் ஊற்றினால் வார்ப்பு வெடிக்கும். சாம்பலைத் தட்டி ஆறவிட்டு, பழப்புளி தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். மிஞ்சிய தணல் வெள்ளிக்கிழமையென்றால் சாம்பிராணிச் சட்டிக்குப் போகும்.