காற்றாடிமலைக்கு வடக்கன்குளம் வழியாகப் போங்கள்

கிறிஸ்தவ விசுவாசத்துக்காக உயிர்விட்ட மறைசாட்சி புனித தேவசகாயத்தின் திருத்தலங்களுக்கு வருகிறவர்களில் பலர், நேராக அவர் கொல்லப்பட்ட ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலை ஏறிச் செபித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அவருடைய துணிவு எங்கிருந்து வந்தது என்று அறிய விரும்பினால் புலியூர்க்குறிச்சியில் தொடங்குங்கள். நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்திலிருந்து தக்கலைப் பேருந்தில் காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுவது நல்லது.

முதலில் முட்டிடிச்சான் பாறை. கைதாகி இழுத்துச் செல்லப்பட்டபோது தாகத்தால் தவித்த தேவசகாயம், மன்றாடி முழங்கையால் இடித்த இடத்தில் நீர் சுரந்தது என்பது மரபு. பாறையிலுள்ள குழி சின்னதுதான். கூட்டமாகச் சூழ்ந்து நிற்காமல் ஒவ்வொருவராகக் குனிந்து பாருங்கள். உதயகிரிக் கோட்டை பக்கத்திலேயே இருக்கிறது; உள்ளே டிலனாய் கல்லறை. வனத்துறைப் பூங்கா என்பதால் விடியற்காலையில் திறந்திருக்காது, நுழைவுச்சீட்டும் உண்டு. 1741 குளச்சல் போரில் பிடிபட்ட இந்த டச்சுத் தளபதிதான், துயரத்தில் இருந்த அரண்மனை அலுவலர் நீலகண்டனுக்கு (தேவசகாயத்தின் முந்தைய பெயர்), துன்பத்திலும் இறைவனை விடாத விவிலிய யோபுவின் கதையைச் சொன்னவர். விவிலியம் கையிலிருந்தால் யோபு முதல் இரண்டு அதிகாரங்களை அங்கேயே வாசியுங்கள்.

அடுத்து வடக்கன்குளம். பலர் விட்டுவிடுவது இந்த இடத்தைத்தான். ஆரல்வாய்மொழிக் கணவாயையும் காவல்கிணற்றையும் தாண்டிப் போகவேண்டும். போகும்போதே காற்றாடிமலை கண்ணில் படும், இறங்காதீர்கள். 1745 மே 14 அன்று இங்கேதான் சேசு சபைக் குரு புத்தாரி அவருக்குத் திருமுழுக்கு அளித்தார். அப்போது பெற்ற லாசர் என்ற பெயரின் தமிழ் வடிவமே தேவசகாயம். பெற்ற விசுவாசத்தை மறைத்துக்கொண்டு அவர் பிழைத்திருக்கலாம். அவரோ இதே கணவாய் வழியாக திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் அரண்மனைக்கே திரும்பினார். சாதி பாராமல் எல்லோருடனும் பழகினார். 1749 பிப்ரவரியில் கைது. பிறகு ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அடி, புண்ணில் மிளகாய்ப்பொடி, எருமைமேல் பின்னோக்கி உட்காரவைத்து ஊர்வலம். விசுவாசத்தை மறுதலித்திருந்தால் ஒரே நாளில் எல்லாம் முடிந்திருக்கும். வடக்கன்குளத்திலிருந்து ஆரல்வாய்மொழிக்குத் திரும்பும் அந்தப் பயணத்தைப் பேசாமல், செபமாலையோடு செய்யுங்கள். இந்த யாத்திரையின் உயிர் அதில்தான் இருக்கிறது.

காற்றாடிமலையை மாலை நான்கு மணிக்குப் பிறகு ஏறுங்கள். நண்பகலில் பாறை கொதிக்கும். வெறுங்காலோடு நேர்ந்துகொண்டவர்கள் பாதி வழியில் கொப்புளத்தோடு உட்கார்ந்துவிடுவதுண்டு. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கணவாய்க் காற்று ஆளைத் தள்ளும், மெழுகுவர்த்தி நிற்காது. கண்ணாடிக் கூண்டு விளக்கு எடுத்துச் செல்லுங்கள். 1752 ஜனவரி 14 அன்று அவரைச் சுட்டுக் கொன்ற இடம் இது. மணியடிச்சான் பாறையைத் தட்டினால் மணியோசை எழும். ஆனால் பிள்ளைகள் விளையாட்டாகத் தட்டிக்கொண்டே இருந்தால் செபிக்கிறவர்களுக்கு இடைஞ்சல், ஒருமுறை போதும். "என் மீட்பர் வாழ்கின்றார்" என்னும் யோபு 19:25-ஐ இங்கே உரக்கச் சொல்லலாம்.

நினைவு நாள் பொங்கலை ஒட்டி வருவதால் கடைகள் மூடியிருக்கும், பேருந்தும் குறைவு. சாப்பாடு கட்டிக்கொண்டு வாருங்கள்.

கடைசியாகக் கோட்டாறு புனித சவேரியார் பேராலயம். அவருடைய எலும்புகளைச் சேகரித்துப் பீடத்தின் முன்னால் அடக்கம் செய்திருக்கிறார்கள். 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்டபோது அவர் பெயரோடு 'பிள்ளை' என்ற சாதிப் பெயர் சேர்க்கப்படவில்லை. உங்கள் செப விண்ணப்பத்திலும் தேவசகாயம் என்று மட்டும் எழுதுங்கள்.