தாபரிப்பு வழக்கும் ஜீ.எஸ். கடிதமும்

கணவனிடம் எனக்கும் பிள்ளைகளுக்கும் செலவுக் காசு கேட்கும் தாபரிப்பு வழக்குக்கு இலவசச் சட்டத்தரணி கிடைத்துவிட்டார். வயிற்றெரிச்சல் எல்லாம் அதற்கு முந்திய கட்டத்தில்தான். வசதி இல்லாதவர்களுக்கு இலவசமாகச் சட்டத்தரணி தரும், இலங்கையின் சட்ட உதவி ஆணைக்குழுவில் வழக்கைக் கேட்பதற்கு முதல் வருமானத்தைக் கேட்பார்கள். அதற்கு ஜீ.எஸ்., அதாவது கிராம அலுவலர், தரும் கடிதம் வேண்டும். எழுதித் தந்த கடிதத்தில் வதிவிடம், நன்னடத்தை எல்லாம் இருந்தது. மாத வருமானம் மட்டும் இல்லை. அதை எழுதுவித்துக்கொண்டு போனால் பிரதேச செயலாளரின் மேலொப்பம் (கடிதத்தை உறுதிப்படுத்தும் கையெழுத்து) எங்கே என்றார்கள். மேலொப்பத்துக்குப் போனால், ஒப்பம் வைப்பவர் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கூட்டத்துக்குப் போய்விட்டாராம். "நாளைக்கு வாங்கோ" என்ற கிளாக்கர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

ஆகவே கடிதத்தை ஜீ.எஸ். முன்னாலேயே வாசித்துப் பாருங்கள். பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கவேண்டும். நோக்கம் "சட்ட உதவி பெறுவதற்கு" என்று எழுதச் சொல்லுங்கள். விவாகப் பதிவில் பெயர் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி (சத்தியம் செய்து எழுதும் உறுதிமொழி) முடித்துக்கொண்டு போவது நல்லது. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் மறக்கவேண்டாம். காலையில் ஆணைக்குழுச் சட்டத்தரணிகள் நீதிமன்றில் நிற்பார்கள். எத்தனை மணிக்கு அறையில் இருப்பார்கள் என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

இந்த அலைச்சலில் போவது பஸ் காசு மட்டுமில்லை. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டப்படி, நீதவான் காரணம் எழுதி வேறு திகதி குறித்தாலொழிய, கொடுப்பனவு கணக்காவது விண்ணப்பம் நீதிமன்றத்துக்குப் போன நாளிலிருந்து. கணவன் விட்டுப்போன நாளிலிருந்து அல்ல. மேலொப்பத்துக்குக் காத்திருந்த நாட்களெல்லாம் பிள்ளைகளின் சாப்பாட்டுக் காசு.

சட்டத்தரணியைச் சந்தித்த பிறகு வேலை சுறுக்காக நடந்தது. ஆனால் கேட்காவிட்டால் விடுபடக்கூடியவை சில உண்டு. இறுதித் தீர்ப்புவரை இடைக்காலக் கட்டளை கேட்கலாம். 18 தாண்டி 25 வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கும் கேட்கலாம். எதிராளி சம்பளக்காரர் என்றால் சம்பளத்தில் கழித்து அனுப்பும்படி முதலாளிக்கே கட்டளை போகலாம். அதற்கு வேலைத்தலத்தின் பெயரும் சரியான முகவரியும் வேண்டும். "நிலாவெளிப் பக்கம் ஏதோ ஹோட்டலில்" என்றால் அழைப்பாணையே திரும்பி வரும்.

கிண்ணியா, மூதூர்ப் பக்கத்தார் கவனிக்க: முஸ்லிம் விவாகம் என்றால் தாபரிப்புக்குப் போகவேண்டியது முஸ்லிம் விவாக விடயங்களைக் கேட்கும் காதி நீதிமன்றம். அங்கே சட்டத்தரணி ஆஜராக முடியாது. காதியின் கட்டளைப்படி காசு வராவிட்டால்தான் அறவிடும் வேலை நீதவான் நீதிமன்றத்துக்கு வரும். இது தெரியாமல் திருகோணமலை நகரத்துக்கு வந்து வரிசையில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். வாசலிலேயே இதைச் சொல்ல ஒருவரும் இல்லை.

வழக்கிலக்கத்தையும் அடுத்த தவணையையும் கையோடு எழுதி வாங்குங்கள். இலவசச் சட்டத்தரணி நிற்கிறாரே என்று வீட்டில் இருந்துவிடவேண்டாம். கூப்பிடும்போது மனுதாரர் இல்லாவிட்டால் விண்ணப்பமே தள்ளுபடியாகலாம். பிறகு மறுபடியும் ஜீ.எஸ்.ஸிடம்தான்.