ஹாரிஸ் தீவில் ஒரு தறிக் கொட்டகை

ஸ்காட்லாந்து போகிறோம் என்றதும் எல்லோரும் எடின்பரோ கோட்டை, லாக் நெஸ் ஏரி என்று இந்த இரண்டைத்தான் சொன்னார்கள். இரண்டையும் பார்த்தோம், நன்றாகவே இருந்தன. ஆனால் குடியாத்தத்தில் தறிச் சத்தத்தோடு வளர்ந்த எனக்கும், ஆயுசு முழுக்க லுங்கி நெய்த அப்பாவுக்கும் மனசில் நின்றது ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் இருக்கிற ஹாரிஸ் தீவுதான். அதனால் அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

எடின்பரோவில் கார் எடுத்து ஸ்டிர்லிங் வழியாகக் கிளம்பினோம். 1297-இல் வில்லியம் வாலஸும் ஆண்ட்ரூ மரேயும் ஆங்கிலேயப் படையைப் பாலத்தில் வைத்து மடக்கிய ஊர் அது. அப்புறம் மலை, ஏரி, ஆடு, மறுபடியும் மலை. ஸ்கை தீவுக்கு 1995-இலேயே பாலம் போட்டுவிட்டதால் காரிலேயே போய்விடலாம். அங்கே ஊயிக் துறையில் காரோடு கப்பலேறினால் இரண்டு மணி நேரத்துக்குள் ஹாரிஸில் டார்பர்ட் வந்துவிடும். தீவுச் சாலைகள் பல இடங்களில் ஒரு வண்டி போகிற அகலம்தான். எதிரில் வண்டி வந்தால் ஒதுங்கி நிற்க அங்கங்கே இடம் விட்டிருக்கிறார்கள், ஒதுங்கினவருக்குக் கை காட்டிவிட்டுப் போவது அங்கே வழக்கம்.

ஹாரிஸ் ட்வீட் என்ற கம்பளித் துணிக்குத் தனியாக ஒரு சட்டமே இருக்கிறது, 1993-இல் போட்டது. ஹாரிஸ் இருக்கிற அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுக்கூட்டத்திலேயே சாயம் போட்டு, நூற்று, அங்கே வசிப்பவர்கள் தங்கள் வீட்டில் வைத்துக் கையால் நெய்தால்தான் அந்தப் பெயரைப் போடலாம். ஆலையில் நெய்தால் கூடாது.

வழியில் ஒரு வீட்டை ஒட்டின கொட்டகையில் தறி ஓடும் சத்தம் வந்தது, அனுமதி கேட்டுக்கொண்டு உள்ளே போனோம். ஹாட்டர்ஸ்லி என்கிற இரும்புத் தறி. மின்சாரம் கிடையாது, ஆள் பலத்தில் ஓடுவதால் இதுவும் கைநெசவுதான். கால்களை மாற்றி மாற்றி மிதித்தால், குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடா தானாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய்கிறது, அந்த நூலை நெருக்க அச்சு வந்து அடிக்கிறது. எங்கள் குழித்தறியில் நாடாவைக் கயிறு இழுத்து எறிய வேண்டும்; இங்கே கை இரண்டும் சும்மா இருக்கிறது, இழை அறுந்தால் பிடித்து முடிச்சுப் போட மட்டும்தான். அப்பா குனிந்து, தறியில் நீளவாக்கில் கட்டியிருந்த பாவு நூலைத் தொட்டுப் பார்த்தார். தூரத்திலிருந்து சாம்பல் நிறமாகத் தெரிந்த நூலில் கிட்டே போனால் நீலம், பச்சை, துரு நிறம் எல்லாம் கலந்து கிடக்கிறது, கம்பளியை நூற்பதற்கு முன்பே சாயம் போட்டுக் கலந்துவிடுகிறார்களாம்.

"கூலி எப்படின்னு கேளும்மா" என்றார் அப்பா. கேட்டேன். ஆலையிலிருந்து பாவும் நூலும் வீட்டுக்கே வந்துவிடும், நெய்து கொடுத்தால் கூலி, துணியை அலசி முடிப்பது ஆலையின் வேலை என்றார் நெசவாளர். "நம்ம ஊர்லயும் அப்படித்தானே" என்று அப்பா முகம் மலர்ந்துபோனது.

எனக்கு ஆற்றாமையாக இருந்தது. நம் நாட்டிலும் 1985-இல், சில துணிகளைக் கைத்தறியில்தான் நெய்ய வேண்டும் என்று கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. அந்தப் பட்டியலில் லுங்கியும் உண்டு, கம்பளி ட்வீடுகூட உண்டு. இருந்தும் எங்கள் தெருவில் இன்று கேட்பது விசைத்தறிச் சத்தம். குடியாத்தம் லுங்கி என்ற பெயருக்கும் இப்படி ஒரு காவல் கட்டாயம் வேண்டும். கேட்க ஆள் சேர வேண்டும்.

ஹாரிஸை ஒட்டி வடக்கே இருக்கிற லூயிஸில் கலனிஷ் கற்களைப் பார்த்தோம், ஏறக்குறைய 5000 வருஷத்துக்கு முன் நட்டவை. ஸ்டோர்னவே ஊரையும் விடாதீர்கள். தமிழ்ச் சுவடிகள் உட்பட ஏராளமான ஏடுகளைத் தேடிச் சேர்த்த, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி காலின் மெக்கன்சி பிறந்த ஊர். அவர் சேர்த்ததில் ஒரு பெரும்பகுதி சென்னையில்தான் இருக்கிறது.

போகிறவர்களுக்கு ஒன்று: காரோடு கப்பல் டிக்கெட்டை ரொம்ப முன்னாலேயே போட்டுவிடுங்கள், கோடையில் இடம் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை அந்தத் தீவுகளில் பெரும்பாலான கடைகள் திறப்பதில்லை, சாப்பாடும் பெட்ரோலும் சனிக்கிழமையே பார்த்துக்கொள்ளுங்கள். தறி பார்ப்பதையும் வாரநாளில் வைத்துக்கொள்ளுங்கள்.