ஃபார்மட் போடாமலே விண்டோஸ் 11 ஏற்றிய கதை

நேற்று இரவுதான் என் லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஏறியது. இதற்குப் பதினோரு நாள் ஆனது, கடைக்கு மூன்று நடை நடந்தேன், ஒரு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. கடையில் சொன்னதைக் கேட்டு ஃபார்மட் போட்டு, டிஸ்க்கில் இருப்பதை எல்லாம் அழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். சி1900104 என்ற இதே பிழை எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் யாருக்காவது உதவும்.

நான் திருப்பூரில் வீட்டிலிருந்தபடியே சில பனியன் யூனிட்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். டேலி என்ற கணக்கு மென்பொருள், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், இரண்டு பிரைவேட் லிமிடெட் கம்பெனிகளுக்கு டி.எஸ்.சி. டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் யு.எஸ்.பி.) வைத்துத் தாக்கல், எல்லாமே 2021-இல் வாங்கிய ஒரே லேப்டாப்பில்தான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுபோனது. அடுத்தவர் கணக்கு இருக்கும் மெஷினை அப்படியே விட மனம் ஒப்பவில்லை. விண்டோஸ் 11 ஏறுமா என்று மைக்ரோசாஃப்ட்டின் ஹெல்த் செக் ஆப்பில் பார்த்தேன். பத்தாம் தலைமுறை ஐ3 பிராசஸர், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு சிப், எல்லாவற்றுக்கும் பச்சை டிக். சரி, ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் முடிந்திருக்கும் என்று நினைத்தேன்.

காலையில் பார்த்தால் அதே விண்டோஸ் 10. அப்டேட் பக்கத்தில் சிவப்பில் ஒரு எண், கடைசியில் சி1900104. மறுநாளும் அதே, அதற்கு மறுநாளும் அதே. ஒவ்வொரு முறையும் பல ஜி.பி. டேட்டா போனதுதான் மிச்சம். ட்ரபிள்ஷூட்டர் ஓட்டினேன், அப்டேட் டவுன்லோட் ஃபோல்டரைக் காலி செய்தேன், விண்டோஸைப் பழுதுபார்க்கும் சிஸ்டம் ஃபைல் செக்கரும் டிஸ்ம்மும் ஓட்டினேன், பிரிண்டரையும் டோக்கனையும் கழற்றிவைத்துப் பார்த்தேன். எதற்கும் அசையவில்லை.

அப்புறம்தான் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த தம்பி திரையைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. “விண்டோஸ் கரப்ட் ஆயிடுச்சுக்கா, ஃபார்மட் பண்ணாத்தான் சரியாகும். 800 ரூபாய்” என்றார். டேலி லைசென்ஸை முறைப்படி விடுவிக்காமல் (சரண்டர்) ஃபார்மட் போட்டால் மறுபடி ஆக்டிவேட் செய்ய அலைய வேண்டும். டோக்கன் டிரைவர், டோக்கனை வைத்துக் கையெழுத்துப் போட உதவும் எம்சைனர், பிரிண்டர் செட்டிங் எல்லாம் முதலிலிருந்து. இருபதாம் தேதிக்குள் 3பி என்ற மாத ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட வேண்டிய நேரத்தில் இது நடக்கிற காரியமா? ஃபார்மட் வேண்டாம், என்ன கோளாறு என்று மட்டும் பாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்துப் போனால் இன்னும் பார்க்கவில்லை என்றார்கள். நாலாம் நாள், “பென் டிரைவ்ல பூட் பண்றதுக்கு பயாஸ்ல கொஞ்சம் மாத்திப் பார்த்தோம், ஒண்ணும் ஆகலைக்கா” என்று 300 ரூபாய் வாங்கிக்கொண்டு கையில் கொடுத்தார்கள். கடையில் ஆன் செய்து பார்க்காமல் எடுத்து வந்தது என் தவறு. நீங்கள் அதைச் செய்யாதீர்கள். அங்கேயே ஆன் செய்து, உங்கள் பெயர் தெரிகிற வரை பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

வீட்டில் ஆன் செய்தால் நீலத் திரை. பிட்லாக்கர் ரெக்கவரி கீ வேண்டுமாம், 48 இலக்கம். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் என்று ஒன்று என் லேப்டாப்பில் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். இந்த மாதிரி லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு முதல்முறை திறக்கும்போதே டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்கிறது, சாவி அந்தக் கணக்குக்குப் போய்விடுகிறது. பயாஸில் (லேப்டாப் ஆன் ஆகும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்பை யாராவது அணைத்தால், வேறு ஆள் கை வைத்துவிட்டான் என்று நினைத்து அது சாவியைக் கேட்கும். கடையில் அணைத்ததை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

2021-இல் லேப்டாப்பைத் திறந்து செட் செய்து கொடுத்தது அக்கா மகன். அவன் கணக்கில்தான் திறந்திருக்கிறான். போன் போட்டேன். “சித்தி, அது காலேஜ் டைம் மெயில் ஐடி, பாஸ்வேர்டு ஞாபகமே இல்லை” என்றான். ரீசெட் செய்யலாம் என்றால் ஓ.டி.பி. அவன் எப்போதோ விட்டுவிட்ட பழைய நம்பருக்குப் போகிறது. ஆறு வருடக் கணக்கு உள்ளே இருக்கிறது. பேக்கப் பென் டிரைவில் மூன்று வாரம் பழையதுதான். அன்று ராத்திரி எத்தனை முறை எழுந்து அந்தத் திரையைப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

மறுநாள் மதியம் அவன் தன் பழைய டேப்லெட்டைத் தேடி எடுத்தான். அதில் அந்தக் கணக்கு லாக்-இன் ஆகியே இருந்தது. ரெக்கவரி கீ பக்கத்தில் இரண்டு சாவிகள் இருந்தன, ஒன்று அவனுடைய லேப்டாப்புக்கு. நீலத் திரையில் கீ ஐடி என்று ஒன்று காட்டும். அதன் முதல் எட்டு எழுத்தை ஒப்பிட்டுத்தான் எது நம்முடையது என்று கண்டுபிடிக்க வேண்டும். அவன் ஆறு ஆறு இலக்கமாக வாசிக்க, நான் திருப்பிச் சொல்லிச் சொல்லிக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். எட்டு வரிசை. முதல்முறை ஐந்தாவது வரிசையில் 6-ஐ 9 என்று அடித்துவிட்டேன், ஏற்கவில்லை. இரண்டாம் முறை திறந்தது. எங்கள் ஊர்க் காட்டுப் படம் திரையில் வந்ததும் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். பயாஸில் செக்யூர் பூட் அமைப்பைப் பழையபடி போட அவனே போனில் வழி சொன்னான். மறுபடி சாவி கேட்டால் அடிக்க நோட்டு கையில் இருந்தது, கேட்கவில்லை.

முதலில் பேக்கப். அதன் பிறகு அவன் சொன்ன ஒரு வார்த்தைதான் வழி காட்டியது. செட்டிங்ஸ் வழியாகப் போட்டால் எண் மட்டும்தான் வரும், மைக்ரோசாஃப்ட்டின் இன்ஸ்டலேஷன் அசிஸ்டன்ட்டை டவுன்லோட் செய்து ஓட்டினால் காரணத்தை வாக்கியமாகச் சொல்லும் என்றான். அது சொன்னது: சிஸ்டம் ரிசர்வ்ட் பார்ட்டிஷனை (விண்டோஸ் தனக்கென டிஸ்க்கில் ஒதுக்கிவைக்கும் சின்னப் பகுதி) அப்டேட் செய்ய முடியவில்லை.

டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பார்த்தேன். சி டிரைவில் 80 ஜி.பி. காலி. தொடக்கத்தில் 100 எம்.பி.யில் இ.எஃப்.ஐ. பார்ட்டிஷன் ஒன்று, அசிஸ்டன்ட் சொன்ன பகுதி இதுதான், அதற்கு நேராக நூறு சதவீதம் காலி என்று போட்டிருந்தது. இதை நம்பி ஒரு மணி நேரம் வேறெங்கோ தேடினேன். அந்தப் பார்ட்டிஷனுக்கு டிஸ்க் மேனேஜ்மென்ட் எப்போதுமே நூறு சதவீதம் காலி என்றுதான் காட்டுமாம். உண்மையைப் பார்க்க அதற்கு ஒரு டிரைவ் எழுத்து கொடுக்க வேண்டும். கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து மவுன்ட்வால் கட்டளையில் ஒய் என்ற எழுத்தைக் கொடுத்தேன். உள்ளே போய், ஃபைல்களைப் பட்டியலிடும் டிர் கட்டளையை அடித்தால் கடைசி வரியில் மிச்ச இடம் தெரியும். மூன்றரை எம்.பி.தான் இருந்தது! புது விண்டோஸ் ஏற அங்கே 15 எம்.பி.யாவது காலியாக இருக்க வேண்டும்.

அந்த நூறு எம்.பி.யில் லேப்டாப் கம்பெனியின் பயாஸ் பேக்கப் பெரும்பங்கு. அதைத் தொடாதீர்கள். மைக்ரோசாஃப்ட் ஃபோல்டர், அதற்குள் பூட், அதற்குள் ஃபான்ட்ஸ் என்று ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டர் திறக்கும்போது சீன, ஜப்பானிய, கொரிய மொழிகளில் திரை காட்டுவதற்கான எழுத்துருக்கள் அதில்தான் இருக்கின்றன, எல்லாம் சேர்ந்து 13 எம்.பி. கிட்டத்தட்ட. மைக்ரோசாஃப்ட்டின் உதவிப் பக்கமே அவற்றை அழிக்கச் சொல்கிறது. பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்துக்கொண்டு அழித்தேன். எந்த ஃபோல்டரில் நிற்கிறோம் என்பதை இரண்டு தடவை பார்த்துவிட்டு அழியுங்கள். இடம் மாறி அழித்தால் லேப்டாப் திறக்கவே திறக்காது. மறுபடி டிர் அடித்தேன். பதினாறரை எம்.பி.

அசிஸ்டன்ட்டை மறுபடி ஓட்டினேன். இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. டேலி லைசென்ஸ் எதுவும் கேட்காமல் திறந்தது. டோக்கனைச் செருகினேன், எம்சைனர் பெயரைக் காட்டியது. இரவு பத்தே முக்காலுக்கு, கடைசித் தேதிக்கு ஒரு நாள் முன்னால், இரண்டு கம்பெனிக்கும் 3பி போட்டு முடித்தேன்.

தாக்கல் தேதியை நெருக்கத்தில் வைத்துக்கொண்டு இதில் இறங்க வேண்டாம். அவசரம் என்றால் விண்டோஸ் 10-இலேயே அப்டேட் பக்கத்தில் இ.எஸ்.யு. (நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்) என்று பதிவு செய்யும் இணைப்பு இருக்கிறது. பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். முன்பே தெரிந்திருந்தால் நானும் அதைப் போட்டுவிட்டு, மாதம் முடிந்து நிதானமாகச் செய்திருப்பேன்.

இன்று காலை முதல் வேலையாக அந்த 48 இலக்கத்தை நோட்டிலிருந்து இரண்டு தாளில் எழுதினேன். ஒன்று பீரோவில், இன்னொன்று அக்கா வீட்டில். என் கிளையன்ட்கள் ஐந்து பேருக்கும் போன் செய்து, உங்கள் லேப்டாப்பை முதலில் திறந்தது யார் கணக்கில் என்று கேட்டேன். மூன்று பேருக்குத் தெரியவில்லை. நாளைக்கு அவர்கள் யூனிட்டுக்கே போய்ப் பார்க்கப்போகிறேன்.